கைப்பக்குவம் யாருடையது?

நன்றாகச் சமைப்பவரைப் பாராட்டத் தமிழில் இருக்கும் பெரிய சொல் ‘கைப்பக்குவம்’. அதே அரிசி, அதே பருப்பு, அதே புளிதான். ஆனாலும் அவங்க செஞ்சா மட்டும் ருசி வேற மாதிரி இருக்கும். ஏன் என்று கேட்டால் “அது கைப்பக்குவம்ப்பா” என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். குரலைப் போல, நடையைப் போல, அது அவரோடு பிறந்தது, இன்னொருவருக்கு வராது.

கொஞ்ச நாளாக இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு வேலை ஒருவருக்கு மட்டும்தான் வரும் என்று ஒரு வீடே ஒத்துக்கொண்டுவிட்டால், அந்த வேலையைக் கடைசி வரைக்கும் அவர்தானே செய்தாக வேண்டும்? அப்படியென்றால் கைப்பக்குவம் என்று சொல்லும்போது நாம் ஒருவரைப் பாராட்டுகிறோமா, அல்லது ஆயுள் முழுக்க ஒரு வேலையை அவர் பெயரில் எழுதி வைக்கிறோமா?

சந்தேகம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு 64 வயது. இந்த வருடத் தொடக்கத்தில் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பல வாரங்களுக்கு அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அப்பா, நான், என் மனைவி. நானும் அவளும் மென்பொருள் வேலை. யாரும் பட்டினி கிடக்கவில்லை. மாவு வாங்கித் தோசை சுட, முட்டை பொரிக்க, குக்கரில் சோறும் பருப்பும் வைக்க எங்கள் எல்லோருக்குமே தெரியும். மற்றதற்குப் பார்சல் இருந்தது. ஆனால் மாத்திரைகளால் அம்மாவுக்கு வாய் கசந்து கிடந்தது. எதையும் இரண்டு வாய்க்கு மேல் தொடவில்லை. ஒரு நாள் ராத்திரி கேட்டேன்: “உனக்கு என்னம்மா வேணும்? உனக்குப் பிடிச்சது எதுன்னு சொல்லு, எப்படியாவது ஏற்பாடு பண்றேன்.”

அம்மா ரொம்ப நேரம் யோசித்தார். “எனக்கா? யாராவது செஞ்சு குடுத்தா எதுவும் நல்லாத்தான்டா இருக்கும்.”

கம்ஃபர்ட் ஃபுட் என்று நம் தலைமுறை சொல்கிறது. உங்களுடையது என்ன என்று கேட்டால் ஒரு நொடியில் பதில் வரும். ரசம் சோறு, தயிர் சாதமும் மாவடுவும், பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய். காய்ச்சல் வந்தபோது, தேர்வில் தோற்றபோது, காதல் முறிந்தபோது நம் முன்னால் வந்த தட்டு அது. அம்மாவிடம் அப்படி ஒரு தட்டு இல்லை. அலுவலகத்தில் ஏழெட்டுப் பேரிடம் அவரவர் அம்மாவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். சொல்லி வைத்ததுபோல் பெரும்பாலும் ஒரே பதில்: வேற யாராவது செஞ்சா.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலில் ஒரு வரையறை இருக்கிறது. ஆறுதல் தரும் சாப்பாட்டுக்கு முதல் நிபந்தனை அதை நாம் செய்யாமல் இருப்பது. என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது, யாருக்கு எது ஆகாது என்ற கணக்கையெல்லாம் வேறொருவர் சுமந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒரு வீட்டில் தினமும் சமைக்கும் ஒரே ஆளுக்கு மட்டும், அந்த வரையறையின்படியே, கம்ஃபர்ட் ஃபுட் கிடையாது.

எங்கள் தொழிலில் ‘பஸ் ஃபேக்டர்’ என்று ஒரு கணக்கு உண்டு. எத்தனை பேர் நாளைக்கு பஸ்ஸில் அடிபட்டால் இந்த புராஜெக்ட் நின்றுபோகும்? பதில் ‘ஒருவர்’ என்றால் அது மோசமாக நடத்தப்படும் புராஜெக்ட். அந்த ஒருவரின் மேதைமையை யாரும் கொண்டாட மாட்டார்கள். உட்கார வைத்து, தெரிந்ததையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைப்பார்கள். ‘கேடி செஷன்’ என்று பெயர். அடுப்படியில் அந்த எண் ஒன்றாகவே இருந்தால் மட்டும் அதைக் கைப்பக்குவம் என்று கொண்டாடுகிறோம்.

*

எனவே, கற்றுக்கொடுக்க முடியுமா என்பதைப் பார்க்க ஒரு வகுப்புக்குப் போனேன். வேளச்சேரியில் ஒரு வீட்டுச் சமையலறை. நடத்துபவர் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, நான்கு மணி நேரம், அதிகபட்சம் ஆறு பேர், ஆளுக்கு 1500 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி இவ்வளவுதான்: “உடம்பு சரியில்லாதப்பவும் மனசு சரியில்லாதப்பவும் சாப்பிடுற சாப்பாடு. மிளகு ரசம், உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், சுட்ட அப்பளம். பழைய சட்டை போட்டு வரவும்.”

உளுந்தஞ்சோறு தெரியாதவர்களுக்கு: திருநெல்வேலிப் பக்கத்துச் சாப்பாடு. தொலி நீக்காத கறுப்பு உளுந்தை வறுத்து, அரிசியோடு வெந்தயம், உரித்த பூண்டு, தேங்காய்த் துருவல் சேர்த்துக் குழைய வேகவைப்பது. ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு உளுந்து. பக்கத்தில் எள்ளுத் துவையல், மேலே நல்லெண்ணெய். பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் நிறத்தில் புகைப்படத்துக்கு உதவாத ஒரு சோறு.

ஆறு பேர் இரண்டிரண்டு பேராக மூன்று அடுப்பில் நின்றோம். டீச்சர் முதலில் எடுத்தது ஒரு சின்ன எடைத்தராசு. “எல்லாரும் மூணு விரலால கல்லுப்பு எடுத்து இதுல போடுங்க.” என்னுடையது 3 கிராம். என் ஜோடி, ராத்திரி ஷிப்டில் வேலை பார்க்கும் ஒரு பையன். அவனுடையது 6 கிராம். “ஒரு சிட்டிகைன்னு புஸ்தகத்துல போட்டிருந்தா அது எழுதுனவங்க சிட்டிகை. மொதல்ல ஒங்க கை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிடுங்க.” கைப்பக்குவம் என்ற சொல்லில் இருக்கும் கை அன்றைக்குத்தான் முதல்முறையாக எனக்கு ஓர் அளவுகருவியாகத் தெரிந்தது. அதை யார் வேண்டுமானாலும் அளந்து, திருத்தி வைத்துக்கொள்ளலாம்.

பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் சமையலை ஒரு கலையாகவே ஏற்பதில்லை. மருத்துவம் கலை, ஏனென்றால் மருத்துவரால் தான் செய்வதற்குக் காரணம் சொல்ல முடியும். சமையல் வெறும் பழக்கத்தில் வந்த சாமர்த்தியம். எது பிடிக்கும் என்று அதற்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. மருத்துவத்தின் வேடத்தைப் போட்டுக்கொண்டு நாக்கைக் குஷிப்படுத்துகிறது, அவ்வளவுதான். குழந்தைகள் நீதிபதிகளாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு சமையல்காரர் ஒரு மருத்துவர்மேல் குற்றம் சுமத்தினால் மருத்துவரின் கதி என்ன என்று அவர் கேலியாகக் கேட்கும் இடமும் அதில் உண்டு.

பிளேட்டோவும் கைப்பக்குவம் பேசுகிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒரே கட்சி. சமையலுக்குக் காரணம் சொல்ல முடியாது என்பது இரண்டு பேருக்கும் அடிப்படை. அவர் அதை வைத்துச் சமையலைத் தாழ்த்துகிறார். நாம் அதை வைத்து உயர்த்துகிறோம்.

டீச்சர் காரணம் சொன்னார். பருப்பு வேகும் முன்னால் புளித் தண்ணீரை ஊற்றக் கூடாது. புளியின் அமிலம் பருப்பின் அணுக்களை ஒட்டிவைத்திருக்கும் பொருளைக் கரையவிடாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். தாளிப்பு எண்ணெயில்தான் செய்ய வேண்டும். கடுகிலும் சீரகத்திலும் பெருங்காயத்திலும் இருக்கும் மணப்பொருள்கள் தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய் அதைச் சட்டி முழுக்கக் கொண்டுபோகும். ரசம் நுரை கூடி வரும்போதே அடுப்பை அணைக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் மணம் ஆவியாகிப் போய்விடும். “ரசம் வெச்சா வீடே மணக்குதுன்னு பெருமையாச் சொல்லுவாங்க. வீட்டுல மணக்குறது பூராவும் சட்டிக்குள்ள இருந்திருக்க வேண்டியது” என்றார்.

என் அம்மா இந்த மூன்று விதிகளையும் 40 வருடமாகத் தவறாமல் கடைப்பிடிக்கிறார். காரணத்தை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சொல்லப்படாத காரணத்துக்கும் இல்லாத காரணத்துக்கும் வித்தியாசம் உண்டு. சாக்ரடீஸ் ஏதென்ஸில் தெருத்தெருவாகப் போய்க் கேள்வி கேட்டவர். அடுப்படிக்குள் போய், அங்கே நின்றவர்களிடம் கேட்டதாகப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

*

ஆனால் காரணங்கள் ஓர் இடத்தில் தீர்ந்துபோகும். ‘பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடவும்’ என்று எல்லாச் சமையல் குறிப்பிலும் ஒரு வரி வரும். பச்சை வாசனை எது என்று தெரிந்தவருக்கு அந்த வரி தேவையில்லை. தெரியாதவருக்கு அந்த வரியால் பயனில்லை. எங்கள் தொழிலில் இப்படி ஓர் ஆவணம் எழுதிக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

டீச்சர் அதை விளக்க முயலவில்லை. கொதிக்கும் புளித் தண்ணீரிலிருந்து தொடக்கத்தில் ஒரு கரண்டி, மூன்று நிமிடம் கழித்து ஒரு கரண்டி, ஆறு நிமிடம் கழித்து ஒரு கரண்டி எடுத்து மூன்று கிண்ணத்தில் வைத்தார். “மூக்க வைங்க. இப்ப இது. இப்ப அது. மறுபடி மொதல்ல.” மூன்றாவது முறை எனக்குப் புரிந்துவிட்டது. வார்த்தையில் என்னால் இன்னும் சொல்ல முடியாது. ஆனால் இனி மறக்காது.

கறுப்பு எள் அதைவிடக் கஷ்டம். வறுக்கும்போது நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் அதிகமானால் துவையல் முழுக்கக் கசக்கும். நான் மொபைலில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “தம்பி, கடிகாரத்தப் பாக்காதீங்க, சட்டியக் கேளுங்க” என்றார். எள் படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும், சத்தம் ஏறும், பிறகு இறங்கத் தொடங்கும். அந்த இறக்கத்தில் தட்டில் கொட்டிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சட்டிச் சூடே கருக்கிவிடும்.

‘சமைத்துப் பார்’ என்று எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட புத்தகத்துக்குப் பெயர். இன்றுவரை அச்சில் இருக்கிறது. அந்தத் தலைப்பில் இருக்கும் ‘பார்’ எனக்குப் பிடித்த தமிழ்ச் சொற்களில் ஒன்று. செய்து பார், தொட்டுப் பார், கேட்டுப் பார். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. செய்வதன் வழியாகத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்ற ஒரு முழுக் கொள்கையை ஒரு துணைவினையில் அடக்கி வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும், செய்து பார்த்தால் வரும் என்பதையே ‘அவங்களுக்குத்தான் வரும்’ என்று மாற்றிக்கொண்டது எப்படி?

சீன ஞானி சுவாங்ட்ஸுவின் பெயரில் உள்ள நூலில் ஒரு தச்சர் வருகிறார், சக்கரம் செய்பவர். புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் அரசரிடம், நீங்கள் படிப்பது செத்துப்போனவர்கள் விட்டுச்சென்ற சக்கைதான் என்கிறார். அரசர் கோபப்பட்டு விளக்கம் கேட்கிறார். தச்சர் சொல்லும் விளக்கம்: உளியை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும், வாயால் சொல்ல முடியாது. என் மகனுக்குக்கூட அதை என்னால் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் 70 வயதிலும் நானே சக்கரம் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையைச் சொல்லுக்கு அப்பாற்பட்ட அறிவின் பெருமையாகவே எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு இப்போது கண்ணில் நிற்பது அந்தக் கடைசிப் பகுதி. எழுபது வயது, இன்னும் உளி. தன் அறிவைக் கைமாற்ற முடியாதவருக்கு ஓய்வு கிடையாது. அந்த மகன் எங்கே போனான் என்றும் தெரியவில்லை. அவன் பக்கத்தில் நின்றானா, அவன் கையில் யாராவது உளியைக் கொடுத்தார்களா, கதை சொல்லவில்லை.

நம்முடைய கதைகளில் சமையலுக்குப் பேர்போனவர்கள் நளனும் பீமனும். நளபாகம், பீமபாகம் என்கிறோம். இரண்டு பேரும் ஆண்கள், அரச குலத்தவர்கள், கெட்ட காலத்தில் வேடம் போட்டு அடுப்படிக்குள் வந்தவர்கள். நளன் சமைத்ததை ருசித்துப் பார்த்தே இவன் என் கணவன் என்று தமயந்தி கண்டுபிடிக்கிறாள். கைப்பக்குவத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. ஆனால் கெட்ட காலம் தீர்ந்ததும் இருவரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அரண்மனைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய சமையலுக்கு ஒரு முடிவு நாள் இருந்தது.

*

இந்த வகுப்பைப் பற்றிச் சொன்னபோது நண்பன் ஒருவன் முகத்தைச் சுளித்தான். “ரசம் வைக்கக் கத்துக்க 1500 ரூபாயா? அம்மா பக்கத்துல நின்னா ஓசியில வருமே.” அவனுக்கு உறுத்தியது தொகை மட்டும் அல்ல. அன்பால் கைமாற வேண்டிய ஒன்று காசுக்குக் கைமாறுவது அவனுக்குப் பிடிக்கவில்லை. மைக்கேல் சாண்டல் 2012இல் வெளிவந்த ‘வாட் மணி காண்ட் பை’ நூலில் இதைத்தான் வாதமாக வைக்கிறார். சில விஷயங்களுக்கு விலை போட்டால் அவற்றின் இயல்பே கெட்டுவிடும்.

அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். நட்பையோ வாக்கையோ விலைக்கு விற்கக் கூடாது. ஆனால் சமையலறையில் காசு வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்றும் பார்க்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது உண்மையிலேயே ஓசியா? காலை ஆறரை மணிக்கு மூன்று டிபன் பாக்ஸுக்கு நடுவே நிற்பவருக்கு, உப்பை எடைபோட்டுக் காட்டவும் மூன்று கிண்ணத்தில் புளித் தண்ணீர் வைக்கவும் நேரம் ஏது? “நீ தள்ளு, நானே செஞ்சிடறேன்” என்று அவர் சொல்வது கோபத்தில் இல்லை. கற்றுக்கொடுப்பது தனி வேலை, அதற்குத் தனி நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்த வீடும் சமைப்பவருக்குக் கொடுத்ததில்லை.

டீச்சருக்கு அந்த 1500 ரூபாய் நேரத்தைக் கொடுத்தது. அவர் அறிவுக்கு ஒரு விலைச்சீட்டையும் ஒட்டியது. அது அவரைக் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. 34 வருடம் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தியபோது யாரும் அவருடைய அன்பைச் சந்தேகப்படவில்லை. அதே ஆள் அதே அக்கறையோடு அடுப்பு முன்னால் நின்று பாடம் நடத்தும்போது மட்டும் ஏன் காசு உறுத்துகிறது?

காசு இன்னொரு காரியமும் செய்தது. வகுப்பு தொடங்கும் முன் நாங்கள் வரிசையாகக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் “நீங்க எந்த ஊரு?” என்றார். அந்தப் பெண் ஊரைச் சொன்னாள். “அந்த ஊர்ல எங்க?” என்றார் அவர். தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் இரண்டாவது கேள்வி எதைத் தேடுகிறது என்று தெரியும். அந்தப் பெண் குழாயை மூடினாள், பதில் சொல்லவில்லை. டீச்சர் உள்ளேயிருந்து, “கை கழுவுனவங்க உள்ள வாங்க, இங்க அது ஒண்ணுதான் கேள்வி” என்றார்.

கைப்பக்குவம் என்பதில் இருக்கும் கை அவ்வளவு அப்பாவியான சொல் இல்லை. யார் கை என்ற கேள்வி அதற்குள் எப்போதும் இருந்திருக்கிறது. டீச்சரின் ஊரிலிருந்து அதிகத் தூரமில்லாத சேரன்மாதேவியில்தான், 1920களில் வ.வே.சு. ஐயரின் குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி என்பது பெரிய பிரச்சினையாக வெடித்தது. தமிழக அரசியலின் திசையையே அது மாற்றியது. பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் எதிர்த்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். அந்தப் பெண்ணின் சமையலில் உப்பு கூடியதா குறைந்ததா என்று யாரும் பேசவில்லை.

வீடுகளில் வெளியாளுக்குக் கடைசியாகத் திறக்கும் அறை சமையலறை. கூடம் வரைக்கும் யாரும் வரலாம். அடுப்பு வரைக்கும் வர ஓர் உறவோ சாதியோ தேவைப்பட்டது. ‘அம்மா பக்கத்துல நின்னு கத்துக்கறது’ அழகான ஏற்பாடுதான், ஆனால் அதில் அறிவு ரத்த உறவுக்குள்ளேயே சுற்றிவரும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு அந்நியர்கள் ஒரு வீட்டின் அடுப்பு வரை போனோம். எங்களுடைய தகுதி ஒரு ஜிபே ரசீதும் கழுவிய கையும். காசு எல்லோரிடமும் இருப்பதில்லை, அது இன்னொரு கதவு, எனக்குத் தெரியும். ஆனால் இந்தப் பழைய கதவை அது திறந்தது.

*

வகுப்பில் ஒரு விதி உண்டு. தான் சமைத்ததைத் தான் சாப்பிடக் கூடாது. ஒவ்வொரு ஜோடியும் தங்கள் சட்டியிலிருந்து அடுத்த ஜோடிக்குப் பரிமாற வேண்டும்.

நானும் அந்த ஷிப்ட் பையனும் வைத்த ரசம் பெரம்பூரிலிருந்து வந்திருந்த ஓர் அக்காவின் தட்டுக்குப் போனது. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் எள் வறுத்த விதத்தைப் பார்த்தாலே தெரியும், கற்றுக்கொள்ள அவருக்கு அங்கே ஒன்றும் இல்லை. உப்புப் போட்டது பையன். அவனுடைய ஆறு கிராம் விரல்கள் முழுதாகத் திருந்தியிருக்கவில்லை. அக்கா ரசத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். எதற்காக இந்த வகுப்புக்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

“முப்பது வருசமா சமைக்கிறேன் தம்பி. யாராச்சும் செஞ்சு, சுடச்சுடத் தட்டுல போட்டு, உக்காந்து சாப்பிடணும்னு தோணிச்சு.”

“அதுக்கு ஓட்டல் இருக்கேக்கா?”

“ஓட்டல்ல எனக்காகவா செய்றாங்க?”

சமையலுக்கு ருசி தருவது அன்புதான் என்பவர்கள் இதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது முழுதாகச் சரியாகப் படவில்லை. அந்தப் பையனுக்கு அக்காமேல் அன்பு எதுவும் கிடையாது, காலை ஒன்பது மணிக்குத்தான் பார்த்தான். ஆனால் பரிமாறும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். உப்பு அதிகமா என்று கேட்டான். அடுத்த கரண்டிக்கு முன்னால் சோற்றைக் கொஞ்சம் கூட வைத்தான். அவருக்குப் போதுமாக இருந்தது அந்தக் கவனம்.

கைப்பக்குவத்தை நான் இப்போது இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு பாதி தொழில்: புளி எப்போது, எள் எப்போது, உப்பு எவ்வளவு. அதை அளந்து, முகர்ந்து, கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். நான்கு மணி நேரத்தில் தொடங்கலாம். இன்னொரு பாதி கவனிப்பு: அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் போய்விட்டது, சோறு இன்னும் ஒரு விசில் வேண்டும், இவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மிளகு கூட இருக்கட்டும். இதை எந்த டீச்சராலும் வேளச்சேரியில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க முடியாது. யாருக்குச் சமைக்கிறோமோ அவர்களோடு இருந்துதான் கற்க வேண்டும். ஆனால் இதுவும் பிறவி வரம் அல்ல. கவனிக்க வேண்டிய பொறுப்பு யார்மேல் விழுகிறதோ அவருக்குக் கவனிப்பு வருகிறது. பொறுப்பு நான்கு பேர்மேல் விழுந்தால் நான்கு பேருக்கும் வரும். மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போதும் ‘பக்குவம்’ என்றே சொல்கிறோம், அதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டில் வாரத்தில் நான்கு நாள் நானும் மனைவியும் அப்பாவுமாகப் பிரித்துக்கொண்டு சமைக்கிறோம். அம்மா நன்றாக நடக்கிறார். இதில் எதிர்பாராத சிரமம் அம்மாவுக்குத்தான். உட்கார்ந்து சாப்பிட அவருக்குத் தெரியவில்லை. தட்டு முன்னால் வந்ததும், “கேஸ அணைச்சியா?” என்று எழப் பார்க்கிறார். பெற்றுக்கொள்வதும் பழக வேண்டிய ஒன்றுபோல. முதல்முறை உளுந்தஞ்சோறு வைத்தபோது, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “பூண்டு பத்தல” என்றார். பிறகு தட்டைக் காலி செய்தார்.

என் வாதம் இந்த இடத்தில் நின்றால் வசதியாக இருக்கும். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் பாதி வீடுகள் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்துவிட்டன. காலையில் ஓர் அக்கா வந்து நான்கு வீடுகளுக்குச் சமைத்துவிட்டுப் போகிறார். அந்த நான்கு வீட்டிலும் அம்மாக்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. செய்து கொடுக்க ஆள் இருக்கிறது, காசும் நியாயமாகக் கொடுக்கப்படுகிறது. டீச்சருக்குக் காசு கொடுத்தது சரி என்று வாதாடிய நான் இதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிகிறது. டீச்சருக்குக் கொடுத்த காசில் சமைக்கத் தெரிந்த கைகள் ஆறு கூடின. இங்கே கைகளின் எண்ணிக்கை அதேதான், சுமை மட்டும் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொரு பெண்ணுக்கு மாறியிருக்கிறது.

போன வாரம் லிஃப்டில் அவரைப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். வீட்டுக்குப் போய் இனிமேல்தான் உங்களுக்குச் சமைக்கணுமா அக்கா என்று கேட்டேன்.

“இல்ல சார். இன்னைக்குப் பொண்ணுக்கு அரைநாள் லீவு. சோறு வடிச்சு கொழம்பு வெச்சிருக்கும்.”

பெண் எட்டாவது படிக்கிறாளாம். அவளுக்கு மேல் ஓர் அண்ணன் இருக்கிறான், கல்லூரியில் இரண்டாம் வருடம். அவனும் சமைப்பானா என்று கேட்டேன். அக்கா சிரித்தார். தரைத்தளம் வந்துவிட்டது. வெளியே காலை வைத்துக்கொண்டே, “அவனுக்கு எங்க சார் வரும்? பொண்ணுக்குத்தான் அப்படியே என் கை” என்றார். அவ்வளவு பெருமையாகச் சொன்னார்.